ஏறும் படி முதலில்: நாயை நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போக முழு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே உறவுக்காரர் ஒருவர் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தெரிந்தவர்கள் தங்கள் நாய்களைக் கொண்டுவந்து இறக்கலாம். நான்கு வருடமாக அந்தக் காலை நேரத்தைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. எங்கள் லேப் (லாப்ரடார்) கறுப்பன் அங்கேதான் நீந்தப் பழகினான். பிறகு வந்த நாட்டுநாய் மணியும் அங்கேதான் பழகியது, ரொம்பப் பாடுபட்டு.

புதிதாக வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் சொல்வது ஒன்றுதான்: "நாய்க்கு நீச்சல் யாரு சொல்லிக் குடுக்கணும்? தூக்கிப் போட்டா தானா நீந்தும்லா." தண்ணீரில் போட்டால் நாய் காலை அடிக்கும், அது உண்மை. காலை அடிப்பது வேறு, நீந்துவது வேறு, கரையேறுவது வேறு. வழவழப்பான குளத்தில் நல்லா நீந்தத் தெரிந்த நாயும், ஏறும் இடம் தெரியாமல் சுவரோரம் சுரண்டிச் சுரண்டிக் களைத்து மூழ்கிவிடும். கீழே உள்ள வரிசையை அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்தத் தண்ணீர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் "பக்கத்துல சானல் இருக்கப்ப குளம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பழகும் நாய்க்கு சானல், அதாவது பாசனக் கால்வாய், ஆகாது. பேச்சிப்பாறை அணை திறந்துவிட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். பல இடங்களில் கரை சாய்வான கான்கிரீட். நனைந்த கான்கிரீட்டில் நாயின் நகம் நிற்காது. நீங்கள் கரையோரம் ஓடி அடுத்த படித்துறைக்குப் போவதற்குள் அது தாண்டிப் போயிருக்கும்.

ஊர்க்குளத்தில் தாமரைக் கொடி. பின்னங்காலில் சுற்றிக்கொண்டால் நாய்க்கு எடுத்துவிடத் தெரியாது. மேலும் அங்கே ஆட்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். கடல் என்றால் அலை, உப்புத்தண்ணீர், ஆனி ஆடியில் கொந்தளிப்பு, போதாததற்குக் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று ஏறிவரும் கள்ளக்கடல். கடல் தண்ணீரை நிறையக் குடித்த நாய்க்கு வாந்தியும் பேதியும் வரும், அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் போகும்.

ஆக, பழகுவதற்கு அசையாத, அடி தெரிகிற, மருந்து போட்ட, படி உள்ள குளம்தான் வேண்டும். நாய் விடுதிக் குளமோ, தெரிந்தவர் வீட்டுக் குளமோ, நாயை அனுமதிக்கும் தோட்ட விடுதியோ, எதுவானாலும் சரி. உரிமையாளரிடம் முன்கூட்டியே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் குளிக்கும் நேரமும் நாய்கள் இறங்கும் நேரமும் தனித்தனியாக இருப்பது நல்லது.

2. உங்கள் நாய் எந்த வகை என்று பாருங்கள்

லேப், கோல்டன் ரெட்ரீவர் போன்றவை தண்ணீருக்கென்றே வளர்த்தெடுத்தவை. அவற்றுக்கு நீந்தச் சொல்லித்தருவதைவிட நிறுத்தச் சொல்லித்தருவதுதான் கஷ்டம்.

பக், புல்டாக், ஷீ சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கவே தலையை அண்ணாந்து பிடிக்க வேண்டும். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். மூச்சும் ஏற்கெனவே இழுப்புதான். இவை மிதவைச் சட்டை இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று விளையாடினால் அவற்றுக்கு அதுவே தாராளம். டாஷண்டுக்குக் கால் குட்டை, உடல் நீளம். அதற்கும் சட்டை வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, ஒல்லியான நாட்டுநாய் இவற்றின் உடம்பில் கொழுப்பு குறைவு. மிதப்பதும் குறைவு, சீக்கிரம் குளிர்ந்தும் போகும். மணி முதல் நாள் ஐந்தே நிமிடத்தில் பல் கிட்ட நடுங்கியது. ராத்திரி மழை பெய்திருந்தது, தண்ணீர் ஜில்லென்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. கறுப்பனுக்குச் சரியாக இருக்கும் தண்ணீர் மணிக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு.

இந்த நிலைகளில் அழைத்து வராதீர்கள்: ஆறாத புண், தையல், பேதி, காதில் சீழ், வலிப்பு நோய், பருவத்தில் இருக்கும் பெண்நாய். இதய நோய் உள்ள நாய், வயதான நாய் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். கழுத்தில் உண்ணிக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தால் குறைந்தது இரண்டு நாள் தண்ணீர் வேண்டாம். தோலின் எண்ணெயில் அது பரவ நேரம் வேண்டும், குளத்துத் தண்ணீருக்கும் அது நல்லதல்ல.

3. தடுப்பூசி அட்டையை எடுத்து வாசியுங்கள்

எல்லாரும் "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்பார்கள். அட்டையைத் திறந்தால் வெறிநோய் ஊசி மட்டும் இருக்கும்.

அட்டையில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள். டிஹெச்பிபிஐ (DHPPi, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி) என்று மட்டும் இருக்கிறதா, அதற்குப் பக்கத்தில் எல் (L) என்ற எழுத்தும் இருக்கிறதா? அந்த எல் என்பது லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல். இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில் தேங்கும் தண்ணீரெல்லாம் எலி மூத்திரம் கலக்கும் தண்ணீர். கிருமி காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். குளோரின் சரியாக உள்ள குளத்தில் அது பிழைக்காது. ஆனால் குளத்தைச் சுற்றித் தேங்கும் குட்டையில் பிழைத்திருக்கும், நாய் அதையும்தான் நக்கும். முதல் முறை இரண்டு தவணை, சில வார இடைவெளியில். பிறகு வருடம் ஒன்று. இந்த நோய் நாயிடமிருந்து நமக்கும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குட்டிகளைத் தடுப்பூசி வரிசை முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பொதுக் குளத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுமார் நான்கு மாதம் ஆகிவிடும். அதற்கு முன் வீட்டில் ஒரு பெரிய பேசினில் கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு விளையாட விடுங்கள், போதும்.

4. நாய் இல்லாமல் ஒருமுறை போய்க் குளத்தைப் பாருங்கள்

நாயைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தைச் சோதிக்க முடியாது. அது இழுக்கும், நீங்கள் அதைத்தான் பார்ப்பீர்கள்.

படி எங்கே? பல வீட்டுக் குளங்களில் எவர்சில்வர் ஏணி மட்டும்தான் இருக்கும். நாய் அதில் ஏறாது. கான்கிரீட் படியோ சாய்தளமோ இருக்க வேண்டும். படியில் டைல்ஸ் பதித்திருந்தால் ரப்பர் மேட் விரிக்க முடியுமா என்று கேளுங்கள். ஒருமுறை வழுக்கிய நாய் அந்தப் படியை மறுபடி நம்பாது.

தண்ணீரின் மேல்மட்டம் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே? ஒரு சாணுக்கு மேல் என்றால் படியைத் தவிர வேறெங்கும் நாயால் ஏற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எப்படி? அடியில் கிடக்கும் காசு தெரிய வேண்டும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஹெச் (அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.8, இதுதான் அளவு. சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் டெஸ்ட் கிட் இருந்தால் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி வந்தால் "மருந்து நல்லா போட்டிருக்காங்க" என்று திருப்திப்படாதீர்கள். குளோரின் அழுக்கோடும் வியர்வையோடும் சேர்ந்து கெட்டுப்போனால்தான் அந்த நெடி வரும். நாயின் முடியும் மண்ணும் குளோரினைச் சீக்கிரம் தீர்த்துவிடும். நான்கு நாய் இறங்கிய பிறகு காலையில் பார்த்த அளவு இருக்காது.

வேலி, கதவு, மோட்டார் சுவிட்ச் இவை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். நாய் இறங்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். குளத்தின் மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தால் அது முழுவதுமாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதி மூடிய விரிப்பைத் தரை என்று நினைத்து நாய் கால் வைக்கும். அடியில் போய்விட்டால் வெளியே வர வழி இல்லை.

கடைசியாக ஒன்று: அங்கிருந்து மிக அருகில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவர் யார்? எண்ணை ஃபோனில் பதிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

மிதவைச் சட்டை. முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள், அந்தக் கைப்பிடிக்காகத்தான் காசு. முப்பது கிலோ நாய் நனைந்தால் பிடிக்க இடம் கிடைக்காது. சட்டையை வாங்கியதும் வீட்டில் போட்டு, கைப்பிடியைப் பிடித்து முன்னங்கால் சற்றே உயரும்படி தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அளவு பெரிது. ஒரு வாரம் வீட்டிலேயே போட்டுச் சோறு வையுங்கள். குளக்கரையில் முதல்முறையாகப் போட்டால், சட்டையும் புதிது தண்ணீரும் புதிது என்று நாய் உறைந்து நின்றுவிடும்.

நீளமான இலகுவான கயிறு ஒன்று, மூன்று நான்கு மீட்டர், சட்டையின் முதுகு வளையத்தில் கட்ட. கழுத்தில் கட்டக்கூடாது. சங்கிலியையும் இறுக்கும் பட்டையையும் கழற்றிவிடுங்கள். வாய்க்கூட்டோடு தண்ணீரில் இறக்கவே கூடாது. ஓர் இடத்தில் கடிநாய் என்று துணி வாய்க்கூட்டுப் போட்டு இறக்கச் சொன்னார்கள். வாயைத் திறக்க முடியாத நாயால் மூச்சு இளைக்கவும் முடியாது, உள்ளே போன தண்ணீரைத் துப்பவும் முடியாது. கடிக்கும் நாயைத் தனியாகக் கொண்டுவாருங்கள், அல்லது கொண்டுவராதீர்கள்.

வீட்டுக் குடிதண்ணீரும் கிண்ணமும், பஞ்சு, மருத்துவர் தந்த காது கழுவும் மருந்து, இரண்டு பெரிய துவர்த்து (துண்டு). ஒன்று நாய்க்கு, ஒன்று உங்களுக்கு. மெல்லிய துவர்த்துதான் சரி, தடித்த டவலைவிடச் சீக்கிரம் நனைந்து சீக்கிரம் பிழியலாம்.

நீங்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள். பயந்த நாய் உங்களைப் படி என்று நினைத்து ஏறும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

ஆள் இரண்டு பேர். ஒருவர் தண்ணீரில், ஒருவர் கரையில். தனியாக வருபவர்களை நான் இறக்க விடுவதில்லை, எத்தனை வருத்தம் வந்தாலும் சரி.

6. அன்று காலை

குளத்துக்கு வரும் முன் மூன்று மணி நேரம் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். நிறைந்த வயிற்றோடு குதித்துப் புரண்டால், முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சுக்கூட்டு நாய்களுக்கு, வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரை எடுப்பது. சனிக்கிழமை ராத்திரி மீன்தலையும் கஞ்சியும் கொடுத்தால் போதும், காலையில் வெறும் வயிறு. "பாவம், பசிக்கும்லா" என்று ஒருவர் வழியில் நான்கு இட்லி வாங்கிக் கொடுத்துக்கொண்டு வந்தார். அந்த நாய் முதல் படியிலேயே வாந்தி எடுத்தது, அன்றைக்கு யாருமே இறங்கவில்லை.

தண்ணீர் மட்டும் தாராளமாகக் கொடுங்கள். தாகத்தோடு வரும் நாய் குளத்தைக் குடிக்கும்.

நேரம் காலை 7 முதல் 9. பத்து மணிக்கு மேல் டைல்ஸ் தரை சுடும். புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. நாங்கள் தும்பு (தேங்காய்நார்) மிதியடிகளை நனைத்து வரிசையாகப் போட்டுவிடுவோம், சூடும் இல்லை வழுக்கலும் இல்லை. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி வரும் என்பதும் காலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். இடிச்சத்தம் கேட்டால் அந்த நொடியே எல்லாரும் வெளியே.

7. தண்ணீருக்கு முன் தரை

வந்ததும் தோட்டத்தில் கால் மணி நேரம் நடத்துங்கள். மூத்திரம், மலம் இரண்டும் வெளியே முடியட்டும். பிறகு குழாய்த் தண்ணீரில் காலையும் வயிற்றையும் அலசுங்கள். இது குளத்துக்காரருக்குச் செய்யும் மரியாதை மட்டுமல்ல. உடம்பில் தண்ணீர் படுவது எப்படி என்று நாய் பாதுகாப்பான இடத்தில் தெரிந்துகொள்கிறது.

அடுத்து, கயிற்றோடு குளத்தைச் சுற்றி ஒரு நடை. படி உள்ள மூலைக்கு வரும்போதெல்லாம் நின்று ஒரு தின்பண்டம் கொடுங்கள். மற்ற மூன்று மூலைகளில் எதுவும் இல்லை. நாலைந்து சுற்றுக்குப் பிறகு நாயே அந்த மூலையில் போய் நிற்கும்.

அந்த மூலையில் நாங்கள் ஒரு பெரிய நீல டிரம் வைத்திருக்கிறோம். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பு மங்கல். தண்ணீர் மட்டத்தில் கண் இருக்கும்போது குளத்தின் நான்கு சுவரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிரம் ஒன்றுதான் அடையாளம்.

8. ஏறப் பழக்குங்கள், இறங்க அல்ல

அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

முதல் படியில் நீங்கள் நில்லுங்கள், பாதம் நனையும் அளவு. நாயைக் கூப்பிடுங்கள். இழுக்காதீர்கள். வந்தால் தின்பண்டம், உடனே திரும்பக் கரைக்கு. மறுபடி. அடுத்து இரண்டாவது படி, தண்ணீர் அதன் முழங்காலுக்கு. திரும்பக் கரைக்கு. ஒவ்வொரு தடவையும் முடிவது கரையில். இறங்குவது விளையாட்டு, ஏறினால்தான் பரிசு என்று அதற்குப் பதிய வேண்டும்.

வயிறு நனையும் இடத்தில் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும். வயிற்றுத் தோல் மெல்லியது, குளிர் அங்கேதான் உறைக்கும். அந்த இடத்தில் கையால் தண்ணீரை அள்ளி அதன் தோளிலும் நெஞ்சிலும் விடுங்கள், காத்திருங்கள். மணி இரண்டு ஞாயிறு முழுவதும் இரண்டாவது படியைத் தாண்டவில்லை. "மக்கா, ஒரு தள்ளு தள்ளினா முடிஞ்சுது" என்று கரையிலிருந்து யோசனை வந்துகொண்டே இருந்தது. நான் தள்ளவில்லை. மூன்றாவது ஞாயிறு கறுப்பன் நீந்துவதைப் பார்த்துத் தானே இறங்கியது.

தள்ளிவிடப்பட்ட நாய்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், ஒன்றரை வயது. அன்றைக்கு நீந்திவிட்டது, எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த வாரம் வண்டியிலிருந்தே இறங்கவில்லை.

9. முதல் நீச்சல்: கை எங்கே இருக்க வேண்டும்

நாய்க்கு முன்னால் நிற்காதீர்கள். முன்னால் நின்றால் உங்கள் மேல்தான் ஏறும். பக்கத்தில் நில்லுங்கள், அதன் முகம் படியைப் பார்த்திருக்கட்டும். ஒரு கை சட்டையின் கைப்பிடியில். மறு கை அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்காலுக்குச் சற்று முன்னால்.

இரண்டாவது கைதான் முக்கியம். பழகாத நாய் முன்னங்காலால் மட்டும் அடிக்கும். தண்ணீர் முகத்தில் சளார் சளாரென்று தெறிக்கும், உடம்பு செங்குத்தாக நிற்கும், பின்பக்கம் கல் போலத் தொங்கும். அதைப் பார்த்து "எப்படி நீந்துது பாரு" என்பார்கள். அது நீச்சலல்ல, தத்தளிப்பு. இடுப்பை மெல்ல உயர்த்திப் பிடியுங்கள். உடம்பு மட்டமானதும் பின்னங்கால் தானாக உதைக்கத் தொடங்கும், முன்னங்கால் தண்ணீருக்கு உள்ளேயே வேலை செய்யும், தெறிப்பது நிற்கும். சத்தம் அடங்கினால் நீச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் தூரம் இரண்டு மீட்டர்தான். படியிலிருந்து அந்த அளவுக்குத் தூக்கிக்கொண்டு போய், படியை நோக்கித் திருப்பி, பிடித்தபடி நீந்தவிடுங்கள். நாலைந்து முறை. பிறகு இடுப்புக் கையை மட்டும் எடுங்கள். கைப்பிடியை அன்றைக்கு விடவே வேண்டாம்.

அடுத்து வரும் நாட்களில் சோதனை. குளத்தின் நடுவிலிருந்து, பிறகு எதிர்மூலையிலிருந்து, படிக்கு முதுகு காட்டும்படி நாயைப் பிடித்து, மெல்லக் கையைத் தளர்த்துங்கள். அது தானே திரும்பி நீல டிரம்மைத் தேடிப் போகிறதா? எந்தப் பக்கத்திலிருந்து விட்டாலும் பத்துக்குப் பத்து தடவை படிக்கு வந்தால்தான் கயிற்றைக் கழற்றுவேன். கறுப்பனுக்கு இரண்டு வாரம், மணிக்கு இரண்டு மாதம்.

நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். முதல் நாள் ஒரு நிமிடம் நீச்சல், மூன்று நிமிடம் கரை. மொத்தம் நீந்தியது ஐந்து நிமிடம் என்றால் போதும், வீட்டுக்குப் போகலாம். பழகிய நாய்க்கும் ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வால் தாழ்வது, பின்பக்கம் இறங்குவது, மூச்சில் சீறல், நடுக்கம், கண் அகல விரிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுற்றோடு முடித்துவிடுங்கள்.

10. பந்து விளையாட்டும் வயிற்றுத் தண்ணீரும்

நீந்தத் தெரிந்த பிறகு வரும் ஆபத்து இது. நிறையப் பேருக்குத் தெரியாது.

ஒருவர் தன் லேபுக்குப் பந்து எறிந்துகொண்டே இருந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பந்தைக் கவ்வ வாயை அகலத் திறக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு உள்ளே போகும். கரைக்கு வந்த நாயின் வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. தண்ணீர் தண்ணீராக வாந்தி எடுத்தது, பிறகு குடித்தவன் மாதிரி தள்ளாடியது. "களைப்பு" என்றார். களைப்பில்லை. நல்லதண்ணீர் அளவுக்கு மீறி உள்ளே போனால் இரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துவிடும், மூளை வீங்கும், வலிப்பு வரும், சில மணி நேரத்தில் செத்தும் போகும். உடனே வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனதால் அது பிழைத்தது.

ஆகவே: உருண்டைப் பந்து வேண்டாம், தட்டையான மிதக்கும் பொருள் எறியுங்கள், வாயை அதிகம் திறக்காமல் கவ்வலாம். ஐந்து தடவைக்கு ஒரு முறை வெளியே வரவழைத்து மூத்திரம் போக விடுங்கள். குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைக் கடிக்கும் விளையாட்டும் இதே கணக்குத்தான். உப்பிய வயிறு, வாந்தி, தள்ளாட்டம், வெளுத்த ஈறு, எச்சில் ஒழுகுவது தெரிந்தால் மேற்கொண்டு தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

11. மற்ற நாய்கள்

பழகும் நாய் இறங்கும்போது குளத்தில் வேறு நாய் வேண்டாம், அமைதியான பழகிய நாய் ஒன்றைத் தவிர. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறுவது கோபத்தால் அல்ல, பயத்தால். ஆனால் கீழே இருப்பது மூழ்கும். விளையாட்டுப் பொருள் ஒன்றே ஒன்று இருந்தால் சண்டை, ஆளுக்கொன்று இருந்தால் சமாதானம்.

12. வெளியே வந்த பிறகு

உடம்பு முழுவதும் நல்லதண்ணீரில் அலசுங்கள். குளோரின் தோலை உலர்த்தும், அதோடு வீட்டுக்குப் போனதும் நாய் தன்னை நக்கும். விரலிடுக்கு, அக்குள், வாலடி மூன்றையும் துவர்த்தால் ஒற்றி எடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அடர்ந்த முடிக்குள் தண்ணீர் நாள் முழுக்க நிற்கும். இரண்டு நாள் கழித்துக் கழுத்திலோ தொடையிலோ வட்டமாக முடி கொட்டிச் சிவந்து நீர் கோத்தால் இதுதான் காரணம்.

காதுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். லேப், காக்கர், பீகிள் போன்ற தொங்குகாது நாய்களுக்கு உள்ளே காற்றே போகாது. காது மடலைத் தூக்கி, மருந்து விட்டு, அடிப்பகுதியை வெளியிலிருந்து கசக்கி, நாய் தலையை உதறிய பிறகு, விரலில் சுற்றிய பஞ்சால் எட்டும் வரை மட்டும் துடையுங்கள். குச்சிப் பஞ்சு வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளும். தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ஈரத்தின் மேல் எண்ணெய் ஊற்றினால் ஈரம் உள்ளேயே அடைபடும். தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, புளித்த வாடை, காதைச் சொறிவது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுநாள் காலையில் வால் அடியில் சற்று நீட்டி, பிறகு உடைந்தது போலத் தொங்குகிறதா? கறுப்பனுக்கு அப்படி ஆனபோது கதவில் நசுங்கிவிட்டது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். நீச்சலில் வாலைச் சுக்கான் மாதிரி உழைக்க வைத்ததால் வாலடித் தசை பிடித்துக்கொண்டிருந்தது. சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். வலி அதிகம் என்றால் மருத்துவர் மருந்து தருவார். மனிதருக்குக் கொடுக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து, கொஞ்சமாக.

13. மூழ்கிவிட்டால்

தூக்கி வெளியே போடுங்கள். வலப்பக்கமாகப் படுக்க வைத்து, கழுத்தை நேராக்கி, நாக்கை வெளியே இழுத்து, வாயில் இருப்பதைத் துடைத்தெடுங்கள். தலை உடம்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், நேரம்தான் போகும்.

மூச்சு இல்லையென்றால் வாயை இறுக மூடிப் பிடித்து, மூக்கின் மேல் உங்கள் வாயை வைத்து, நெஞ்சு உயரும் அளவு இரண்டு முறை ஊதுங்கள். இதயத் துடிப்பும் தெரியாவிட்டால் நெஞ்சின் அகன்ற இடத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்து, இரண்டு ஊது. இதை வண்டியில் போய்க்கொண்டே செய்ய வேண்டும். அதற்கும்தான் இரண்டாவது ஆள்.

எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நுரையீரலில் போன தண்ணீர் பல மணி நேரம் கழித்து வேலையைக் காட்டும். ஒரு நாள் முழுக்க இருமல், வேகமான மூச்சு, நீலம் பாய்ந்த ஈறு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

14. வீட்டுக்குத் திரும்பியதும்

தண்ணீர் பிடித்துப்போன நாய் தண்ணீரைத் தேடும். அதற்குக் குளம், தொட்டி, கிணறு என்ற வித்தியாசம் தெரியாது. குளத்துக்காரர்கள் வேலிக் கதவை எப்போதும் பூட்டியே வைக்க வேண்டும், நாய் கூட வந்த ஆள் சாயா குடிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்து.

நம் வீடுகளில் கிணற்றுச் சுவர் இடுப்புயரம்தான். மணி நீந்தக் கற்ற அந்த வாரமே எங்கள் கிணற்றுச் சுவரில் முன்னங்காலை வைத்து, வாலை ஆட்டிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மனைவி மூச்சுக்காட்டாமல் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். மறுநாளே வெல்டிங் கடையில் சொல்லிக் கம்பி மூடி போட்டோம், வாளி போகும் அளவுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு வைத்து.